கடலை அளக்க நத்தை போதுமா?

உயிர்களின் ஹார்மோன்களைக் குலைக்கும் மாசு கடல்நீரில் இருக்கிறதா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. நீரை எடுத்துவந்து ஆய்வகத்தில் அளக்கலாம். அங்கேயே வாழும் உயிரைப் பரிசோதிக்கலாம். எதை நம்புவது?

கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க அடித்த பெயிண்டில் டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. இங்கிலாந்தின் பிளிமத் கரையில் பெண் டாக்வெல்க் நத்தைகளுக்கு ஆணுறுப்பு போன்ற முளை இருப்பதை 1970-இல் ஸ்டீபன் பிளேபர் பதிவுசெய்தார். அது டிபிடியின் வேலை என்பது 1980-களில்தான் தெளிவானது. பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவிலும் சிப்பிகள் ஓடு தடித்து, இனப்பெருக்கம் குன்றிய பிறகே 1982-இல் சிறு படகுகளுக்கு அந்தப் பெயிண்ட் தடைசெய்யப்பட்டது. இரண்டு இடங்களிலும் முதலில் எச்சரித்தவை உயிர்கள்.

நீர் அளவீட்டின் சிக்கல் அளவில் இருக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 1 நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு, நத்தையை மாற்றப் போதும். டிபிடிக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்போ 0.2 நானோகிராம். அதை எட்டும் கருவி இருந்தாலும், ஒரு பாட்டில் நீர் அந்த வேளையின் நிலையை மட்டுமே சொல்லும்.

பெண் நத்தையின் ஓட்டை உடைத்து, வலது உணர்கொம்புக்குப் பின்னே லென்ஸ் வைத்துப் பார்த்தால் பாதிப்பு தெரிந்துவிடும். விந்துக்குழல் வளர்ச்சியை 0 முதல் 6 வரை தரப்படுத்துகிறார்கள். 5-ஆம் நிலையில் முட்டை வெளிவரும் துளை அடைபடுகிறது. 6-இல் முட்டைக் கூடுகள் உள்ளேயே தேங்குகின்றன. டாக்வெல்க் குஞ்சுகள் நீரில் மிதந்து திரிவதில்லை. ஆகவே இந்தச் சாட்சி அந்தப் பாறைக்கே உரியது.

குறைகளும் உண்டு. இம்மாற்றம் மீளாதது என்பதால் முதிர்ந்த நத்தை பழைய மாசையும் சேர்த்தே சொல்லும். நத்தைகள் அழிந்த இடத்தில் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் மாசுக்கு இது சாட்சியாகாது. அதற்கு ஆண் மீனின் இரத்தத்தில் விட்டலோஜெனின் என்ற மஞ்சள்கரு முன்புரதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப்பைக் காட்டும் உயிர், குற்றவாளியின் பெயரைத் தனியே சொல்லிவிடாது.

ஆகவே என் தீர்ப்பு: கண்காணிப்பின் அச்சாணி உயிரே, வேதியியல் அதற்குத் துணை. மாசுக்கேற்ற உயிரைத் தேர்ந்து, இளம் உயிர்களையும் சேர்த்துப் பரிசோதித்து, பாதிப்பு தெரிந்த இடத்தில் நீரையும் படிவையும் அளந்து காரணத்தை உறுதிசெய்ய வேண்டும். நீர் அளவீட்டை மட்டும் காட்டிக் கடல் சுத்தம் என்று சொல்லும் அறிக்கையை ஏற்கக் கூடாது.