உப்பு பூத்த எஞ்சின்

மெக்கானிக்கின் கெட்டிக்காரத்தனத்தை எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை வைத்துத்தான் பொதுவாக எடைபோடுகிறோம். படகின் பின்பலகையில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் விஷயத்தில் அது போதாது. அதிலும் பல வருஷம் கடலில் உழைத்து, காயலான் கடை வரைக்கும் போய்த் திரும்பிய மோட்டார் என்றால், அதைச் சேதமில்லாமல் பிரிப்பதே பாதி வித்தை. ஓடவைப்பதெல்லாம் அப்புறம்தான்.

இந்த வித்தையை நான் பார்ப்பது சென்னை மேற்கு மாம்பலத்தில். இந்தப் பகுதிக்கும் படகு மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பக்கத்தில் இருந்த ஏரியும் 1920-களில் தியாகராய நகராகிவிட்டது. லேக் வியூ ரோடு என்ற பெயர்தான் மிச்சம். ஆனால் இங்கே டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் தெரிந்த கைகள் இருக்கின்றன. 1980-இல் டிவிஎஸ் 50, 1985-இல் யமஹா ஆர்எக்ஸ் 100 என்று வந்த வண்டிகளின் சிலிண்டரைக் கழற்றிக் கரி சுரண்டியே தேர்ந்த தலைமுறை அது. பழைய யமஹா எட்டு ஹெச்பி அவுட்போர்டின் மூடியைத் திறந்து காட்டினால் அவர்களுக்கு அது பெரியப்பா வீடு மாதிரி. எது எங்கே இருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். கார்புரேட்டர், பிளக், காயில், பிஸ்டன் ரிங் எல்லாம் பழகியவை. கிராங்க் நிமிர்ந்து நிற்கும், சிலிண்டர் படுத்திருக்கும், காற்றுக்குப் பதிலாகக் கடல்நீர் சூட்டைத் தணிக்கும். இவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்து ஸ்பானரை எடுக்கும்போதுதான் உப்பு குறுக்கே வருகிறது.

மோட்டாரின் உடம்பு அலுமினியம். போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் புகுந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். கரைந்தது வெள்ளைப் பொடியாகப் பூத்து, மரைக்குள் அடைத்துக்கொண்டு, போல்ட்டைக் கவ்விப் பிடிக்கும். அரிப்பு முதலில் வேறொன்றைத் தின்னட்டும் என்றுதான் தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் ஒரு துத்தநாகக் கட்டியை வைத்திருப்பார்கள். அது தீர்ந்தபின் மாற்றாமல் விட்டால், அடுத்த பலி எஞ்சின்தான்.

அப்படிப் பிடித்துக்கொண்ட போல்ட்டை ஒரே மூச்சில் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். தேர்ந்த கை அவசரப்படாது. எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைக்கும். மறுநாள் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்குப் புளோ லாம்பால் சூடு காட்டும். ஸ்டீலைவிட அலுமினியம் அதிகம் விரியும் என்பதால் பிடி மயிரிழை தளரும். போல்ட் தலையில் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு. பிறகு ஸ்பானர், அதுவும் முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு துளி. கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தால் உப்பு உடைந்துவிட்டது என்று அர்த்தம். கால் சுற்று திறந்து, அதில் பாதி மூடி, எண்ணெய் விட்டு மறுபடி திறந்து, உள்ளே இருக்கும் பொடியை வெளியே இழுத்தபடியே போல்ட்டைக் கொண்டுவர வேண்டும். எனக்கு இந்த வேலையிலேயே பார்க்கப் பிடித்த கட்டம் இது. பலம் எல்லாம் மணிக்கட்டில் அடங்கியிருக்கும். கவனம் முழுக்க காதில் இருக்கும்.

பிரித்த பிறகு மோட்டார் தன் ஜாதகத்தைத் தானே சொல்லும். கன்னியாகுமரிக் கரையில் இந்த மோட்டார்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன் திரும்பவும் பெட்ரோலுக்கு வர வேண்டும்; அப்போதுதான் அடுத்த முறை கயிற்றை இழுத்ததும் பிடிக்கும். கடைசி மாற்றத்தைச் சோம்பலில் விட்டவர் யார் என்று கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் படிந்த பிசின் காட்டிக்கொடுக்கும். கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வடிந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

எல்லாம் சரியாக்கி மாட்டிய பிறகு சோதனை இருநூறு லிட்டர் டிரம்மில். தண்ணீர் தெருவெல்லாம் வாரி இறைக்காமல் இருக்க புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் காலை டிரம்முக்குள் இறக்குவார்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கக் கூடாது. பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் சில விநாடிகளிலேயே தேய்ந்து கருகிவிடும். கயிற்றை இழுத்து, புகை கக்கி, எஞ்சின் பிடித்ததும் தெரியாதவர்கள் கைதட்டுவார்கள். தெரிந்தவர்கள் மூடிக்குக் கீழே உள்ள சின்னத் துளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதிலிருந்து மெல்லிய தண்ணீர்த்தாரை விடாமல் பீய்ச்சினால்தான் குளிர்விக்கும் வழியெல்லாம் உப்பு நீங்கித் திறந்திருக்கிறது என்று பொருள். சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தாரை வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டியதுதான்.

பழைய மோட்டாரை வாங்கப் போகிறவர்களில் பலர் பெயின்டைப் பார்த்து மயங்குகிறார்கள். பளபளப்பு ஒரு ஸ்பிரே டப்பாவின் சங்கதி. நான் ஒரு போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்வேன். மரையில் கிரீஸ் தடவியிருந்தால் அந்த மோட்டாரை நம்பி வாங்கலாம். எஞ்சின் ஓடுவதற்கு அந்த கிரீஸ் தேவையில்லை. பத்து வருஷம் கழித்து இதைத் திறக்கப்போகும் முகம் தெரியாத இன்னொரு மெக்கானிக்குக்காகத் தடவியது அது. பார்வைக்கே வராத இடத்தில் அவ்வளவு அக்கறை காட்டிய ஆள், மற்ற இடத்தில் ஏமாற்றியிருக்க மாட்டார்.