மிச்சமான யூனிட் யாருடையது?

இரண்டு வருடம் முன்பு நான் செய்த ஒரு தப்புக் கணக்கைப் பற்றிய குறிப்பு இது. பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு பிஎல்டிசி ஃபேன் மாட்டச் சொல்லும் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட்தான். ஆண்டுக்கு இத்தனை ரூபாய் மிச்சம், ஒன்றரை வருடத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும் என்று கீழே ஒரு அட்டவணை இருக்கும். அட்டவணை என்றால் எனக்கு எப்போதுமே ஒரு மயக்கம். சென்னையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒன்று மாட்டினேன். அதோடு நிற்காமல், அம்பாசமுத்திரம் பக்கம் தனியாக இருக்கும் சித்தியையும் நச்சரித்து, ஒன்று 3000 ரூபாய் என்று இரண்டு வாங்க வைத்தேன். காசு அவருடையது.

நான்கு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது பெருமையாகக் கேட்டேன், "பில் குறைஞ்சுதா சித்தி?"

"ஏய்யா, பில்லே வராத வீட்டுல நான் எதை மிச்சம் பிடிக்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சித்தி வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. டிவி, மிக்ஸி, நாலு பல்பு, இரண்டு ஃபேன், அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் ஓடும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். முன்பும் சைபர், இப்போதும் சைபர். அவருடைய 6000 ரூபாய் எத்தனை வருடமானாலும் திரும்பி வரப்போவதில்லை.

சரி, கணக்கை ஒழுங்காகப் போடுவோம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024-இல் அது இன்னும் கூடியது, ஆனால் படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஒரு யூனிட் 500-ஐத் தாண்டினாலும் அந்த 2.25 படி காணாமல் போய்விடும். 101-இலிருந்தே 4.50, 500-க்கு மேல் 8 ரூபாய்.

ஒரு ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 45 வாட் வித்தியாசத்தில் இரண்டு மாதத்துக்கு சுமார் 32 யூனிட் மிச்சமாகும். இந்த 32 யூனிட்டின் விலை என்ன? 180 யூனிட் ஓடும் வீட்டில் 72 ரூபாய். ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேனைக் கழற்றி மாட்டினால், 3000 ரூபாயை எடுக்க ஏழு வருடம் ஆகும். எங்கள் வீட்டில் 530 யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, 2190 ரூபாய். 498-க்கு இறங்கியதும் 1713 ரூபாய். அதே 32 யூனிட்டுக்கு எனக்கு 477 ரூபாய், யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 15 ரூபாய்! பட்டியலில் அப்படி ஒரு விலையே கிடையாது. அந்த 477-இல் 225 ரூபாய் நான் மின்சாரத்தை மிச்சப்படுத்தி வந்ததே இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததால் அரசு மானியம் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான்.

விளம்பர அட்டவணைகள் மீது என் முதல் புகார் இதுதான். ஒரு யூனிட்டுக்கு ஒரே விலை போட்டுவிடுகிறார்கள். அந்த விலையில் மின்சாரம் வாங்குகிறவர் வசதியானவர். சுருக்கமாகச் சொன்னால், சிக்கனத்தின் லாபம் அதிகம் செலவழிக்கிறவருக்கே போகிறது.

இதையே மின்வாரியத்தின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு தலைகீழ். எங்கள் வீட்டில் குறைந்த யூனிட், அவர்களுக்கு 8 ரூபாய் வருமானம் தந்த யூனிட். சித்தி வீட்டில் குறைந்ததோ இலவசமாகக் கொடுத்த யூனிட். அதுவும் ஃபேன் ஓடுவது பெரும்பாலும் ராத்திரியில். சூரிய மின்சாரம் இல்லாத நேரம் அது. மின்சந்தையில் மாலையில் விலை 10 ரூபாய் உச்சவரம்பையே தொடுவதுண்டு. அப்படியென்றால் சித்தியின் ஃபேனால் லாபம் அரசுக்கு, செலவு சித்திக்கு. லாபம் யாருக்கோ அவர்தானே காசு போட வேண்டும்?

இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. 2011-இல் தொடங்கி தமிழ்நாடு அரசு வீட்டுக்கு வீடு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. 2015-இல் வந்த உஜாலா திட்டத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்தே எல்இடி பல்பின் கொள்முதல் விலையை 310 ரூபாயிலிருந்து 38-க்கு இறக்கினார்கள். 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு அதே முறையில் இந்த ஃபேனைக் கொடுத்தால், இலவச மின்சாரத்துக்கான செலவிலேயே கொஞ்சம் கழியும்.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு வருகிறது. சித்தியிடம் மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார், "முன்னல்லாம் மத்தியானம் ஃபேன் போடமாட்டேன், நூறத் தாண்டிருமோன்னு. இப்ப பகல் பூரா ஓடுது."

1865-இல் ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றி எழுதியபோது சொன்னதும் இதுதான்: சிக்கனமாக எரிக்கக் கற்றுக்கொண்டால் பயன்பாடு குறையாது, கூடும். பொருளாதாரக் கட்டுரைகளில் இதைச் சேமிப்பில் விழும் ஓட்டையாக எழுதுவார்கள். நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். சித்தி வீட்டில் இரண்டு ஃபேனும் சேர்ந்து முன்பு நாளுக்கு 14 மணி நேரம் ஓடின, இரண்டு மாதத்துக்கு 63 யூனிட். இப்போது 22 மணி நேரம், ஆனால் 40 யூனிட்தான். பழைய ஃபேனில் அதே 22 மணி நேரம் என்றால் ஃபேனுக்கு மட்டுமே 99 யூனிட் போயிருக்கும். கூடுதலாக ஓடும் எட்டு மணி நேரம் ஓட்டையா? சித்திரை வெயிலில் ஒரு அறுபத்தைந்து வயதுப் பெண் மத்தியானம் கண்ணயர முடிகிறது. என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

ஃபேனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அட்டவணையில் இல்லாத இன்னொரு கட்டமும் இருக்கிறது. இந்த மே மாதம் இரண்டில் ஒன்று நின்றுபோனது. பழைய ஃபேன் என்றால் தெரு எலெக்ட்ரீசியன் வந்து கெப்பாசிட்டரை மாற்றி அரை மணியில் சுற்ற விட்டிருப்பார். இது உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டாம், கம்பெனி ஆள்தான் வர வேண்டுமாம். வாரண்டி இருந்தது, காசு வாங்கவில்லை. ஆனால் ஆள் வர மூன்று வாரம் ஆனது. 2023 முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம். அது காற்றையும் வாட்டையும் அளக்கும், ரிப்பேருக்கு ஆள் எத்தனை நாளில் வருவார் என்பதை அளக்காது. நகரத்தில் இருப்பவருக்கு இது சின்ன எரிச்சல், சித்திக்கு மூன்று வாரப் புழுக்கம்.

ஆக, இந்த ஃபேனை வாங்கலாமா? 500-ஐ ஒட்டி ஓடும் வீடு என்றால் இன்றைக்கே வாங்குங்கள். 200-க்குள் என்றால் பழையது ரிப்பேராகும் வரை பொறுங்கள். 100-க்குள் இருப்பவரிடம் "காசு மிச்சமாகும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது பொய். "கூட நேரம் ஓட்டலாம், பில் வராது" என்று சொல்லுங்கள். முடிவை அவரே எடுக்கட்டும்.

சித்தியின் 6000 ரூபாயில் பாதியைத் தருகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டார். எலெக்ட்ரீசியனிடம் சொல்லிப் பழைய ஃபேன் ஒன்றைத் திரும்ப மாட்டித் தரச் சொன்னார், அடுத்த முறை நின்றால் கைகொடுக்க.