கத்திரி வெயிலில் தேறிய வேகம்

மார்கழி மாதத்து இரவொன்றில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, சென்னைவாசிக்கு ஆண்டில் சில வாரங்களே கிட்டும் இதமான குளிர்ச்சியில் உட்கார்ந்து, என் மேஜைக் கம்ப்யூட்டரின் ரைஸன் 5 1600 பிராசஸரை 3.9 கிகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு ஏற்றி, அரை மணி நேரம் அதைக் கடுமையாக உழைக்கவிட்டு, அது தள்ளாடாமல் நின்றதைக் கண்ணாரக் கண்டு, பரம திருப்தியோடு படுக்கப் போனேன். அந்தத் திருப்திக்கு ஆயுள் ஐந்து மாதமே இருந்தது. மே மாதம், அக்கினி நட்சத்திரம் பிறந்து மூன்று நாள் ஆன ஒரு பிற்பகலில், என் தங்கையின் கல்யாண வீடியோ கேஸட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த கோப்பை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் சுருக்கிக்கொண்டிருக்கையில், வேலை முக்கால் பங்கு முடிந்த நிலையில் திரை நீலமாயிற்று. சற்று நேரம் கழித்து யந்திரம் தானே ரீஸ்டார்ட் ஆகி, ஒன்றும் அறியாத பிள்ளையைப் போல் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. குற்றம் யந்திரத்தினுடையதன்று, அதை மார்கழியில் பரீட்சித்து வருஷம் முழுவதற்கும் சான்றிதழ் வழங்கிவிட்ட என்னுடையது என்பது விளங்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இந்தப் பிராசஸர் 2017 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்டது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட் என்பது அதன் ஜாதகம். அடிப்படை வேகம் 3.2, உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டி பறைசாற்றினாலும், ஆறு கோர்களும் ஒருங்கே உழைக்கும்போது அது ஓடுவது 3.4-ல்தான். மதர்போர்டு தரும் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி வருவதே வேகம். மல்டிப்ளையர் எனப்படும் அந்த எண் இந்த ரகத்தில் பூட்டப்படவில்லை. பி350 சிப்செட் உள்ள என் மதர்போர்டு அதை மாற்ற அனுமதிக்கிறது. அதைவிட மலிவான ஏ320 அனுமதிப்பதில்லை, ஆகையால் செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் இதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. இன்டெல் தரப்பில், 2011-க்குப் பிறகு, பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்துடைய பிராசஸர்களுக்கே பெரும்பாலும் இந்தச் சலுகை.

முற்காலத்தில் இப்படி வேகத்தை ஏற்றும் ஓவர்க்ளாக் வேலையில் அள்ளிக் கொட்டிய லாபம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1998-ல் வந்த செலரான் 300ஏ என்னும் மலிவுப் பிராசஸரின் துடிப்பை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக்கினால், பெருக்கெண் நாலரை என்பதால், 300 மெகாஹெர்ட்ஸ் சரக்கு 450 ஆகி, பன்மடங்கு விலையுள்ள அண்ணன்மார்களோடு தோளோடு தோள் நின்றது. ஒன்றரை மடங்கு! இன்று நமக்குக் கிடைப்பதோ பத்தில் ஒரு பங்கு. உற்பத்தி செய்பவனே சாற்றைப் பெரும்பாலும் பிழிந்துவிட்டு நம்மிடம் சக்கையைத் தருகிறான் என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் உண்டு. அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது என்றாலும், பத்தில் ஒரு பங்கு என்பது இனாமாக வரும்போது வேண்டாமென்று தள்ளும் மனம் எனக்கு இல்லை. அது எந்த இடம் வரையில் இனாம், எந்த இடத்திலிருந்து கடன் என்று கண்டுகொள்வதே இதிலுள்ள வித்தை.

மார்கழியில் நான் செய்த பிழையை விவரித்தால் இது தெளிவாகும். கூலர் என்பது பிராசஸரைக் குளிர வைப்பதன்று. அறையின் காற்றுக்கும் பிராசஸருக்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தை ஓர் அளவுக்குள் கட்டி நிறுத்துவது மாத்திரமே அதன் தொழில். அன்றிரவு என் அறை 26 டிகிரி; பிராசஸர் 84 டிகிரி வரை சென்றது; வித்தியாசம் 58. மே மாதப் பிற்பகலில் அதே அறை 36 டிகிரி. 36-ஐயும் 58-ஐயும் கூட்டினால் 94 வருகிறது, இந்தப் பிராசஸருக்கு விதிக்கப்பட்ட உச்சமோ 95. போதாததற்கு, உஷ்ணம் ஏற ஏறச் சிலிக்கனில் கசியும் மின்சாரமும் ஏறுவதால், கூட்டல் கணக்கு காட்டுவதைவிடச் சற்று மோசமாகவே உண்மை இருக்கும். குளிரில் போதுமானதாக இருந்த வோல்டேஜும் அந்தச் சூட்டில் போதாமற் போய்விடும். ஆகவே நம் ஊர்க்காரர்கள் இந்தப் பரீட்சையைக் கத்திரி வெயிலில், மத்தியானம் மூன்று மணிக்கு, ஏசியை அணைத்துவிட்டு நடத்த வேண்டும் என்பது என் முதல் சிபாரிசு. குளிர்ப் பிரதேசங்களிலிருந்து எழுதுகிறவர்கள் தரும் எண்களை அப்படியே, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயோஸில் நகலெடுத்துப் போடுவது, அவர்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளியை நாம் சித்திரையில் போர்த்திக்கொள்வது போன்றதுதான்.

கூலரை மாற்றத் தீர்மானித்து ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் 120 மில்லிமீட்டர் விசிறியுடைய டவர் கூலர் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, என் முகத்தை ஒரு தரம் பார்த்து, “சார், பழைய கூலரை அப்படியே புடிச்சு இழுத்துடாதீங்க, பிராசஸரும் சேந்து வந்துடும்” என்றார். பொதுவாக எல்லோருக்கும் சொல்வது என்று நினைத்து அலட்சியமாக வந்துவிட்டேன். பெட்டியோடு வந்த ரெய்த் ஸ்பைர் கூலரின் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றி, மேலே தூக்கியபோது, ‘டக்’கென்று ஒரு சப்தம், கூலரின் அடியில், உலர்ந்து பசையாகிவிட்ட தெர்மல் பேஸ்ட்டின் பிடியில், பிராசஸர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் பிராசஸரின் வயிற்றில் இருக்கின்றன. பூட்டு நெம்பைத் திறக்காமலே அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பூதக்கண்ணாடி வைத்து வரிசை வரிசையாகப் பார்த்ததில் மூலையில் ஒரு பின் அண்டை வீட்டுக்காரன் மேல் சாய்ந்திருந்தது. லெட் நீக்கிய மெக்கானிக்கல் பென்சிலின் குழல் நுனியை அதன் மேல் செருகி, மூச்சை அடக்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். அரை மணி நேரம் யந்திரத்தை ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்கிக்கொண்டு, பிறகு அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகி விடுவித்த பின்பே தூக்கியிருக்க வேண்டும்.

அதே கடைக்காரர் சொன்ன இன்னொரு வார்த்தையும் பொன்னானது: “டவர் போட்டா பக்கத்துல இருக்கற விஆர்எம்முக்குக் காத்து போகாது சார், அதையும் பாத்துக்கோங்க.” பழைய கூலர் மேலிருந்து கீழே ஊதுவதால், பிராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் விஆர்எம் பகுதிக்கும் காற்று தானாகக் கிடைத்துவந்தது; டவர் கூலரோ பக்கவாட்டில் ஊதுவது. மலிவு பி350 போர்டுகள் சிலவற்றில் அந்தப் பகுதிக்கு ஹீட்சிங்க்கூட இராது. கேபினட்டின் பின்புறத்திலும் மேற்புறத்திலும் ஒவ்வொரு விசிறி சேர்த்துக் காற்றோட்டம் உண்டாக்கிய பின்னரே என் மனம் சமாதானமடைந்தது.

இனி பயோஸ். பெருக்கெண்ணைக் கால் கால் புள்ளியாக, அதாவது 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றலாம், வோல்டேஜை 0.00625 வீதம் ஏற்றலாம். ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றுகிறவன், கறியில் உப்பையும் புளியையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு எது அதிகம் என்று நாக்கைக் கேட்பவன். அன்றாட உபயோகத்துக்கு 1.35 வோல்ட் வரை ஏற்கத்தக்கது, 1.45 வரை தாங்கக்கூடும் எனினும் ஆயுள் குறையலாம் என்று ஏஎம்டியே இந்தத் தலைமுறைக்குச் சொல்லியிருந்தபடியால், 1.35-ஐ நான் தாண்டக் கூடாத கோடாக வைத்துக்கொண்டேன். பயோஸில் நாம் இடும் வோல்டேஜும் பாரம் ஏறும்போது பிராசஸருக்கு எட்டும் வோல்டேஜும் ஒன்றல்ல. பாரத்தில் அது சற்றுத் தாழும். அந்தத் தாழ்வைச் சரிக்கட்டும் லோட்லைன் கேலிப்ரேஷன் வசதியை உச்சத்தில் வைத்தால், பாரம் இறங்கும் க்ஷணத்தில் வோல்டேஜ் கோட்டுக்கு மேலே குதித்துவிடுமாதலால், நடுத்தரத்தில் வைத்து, உண்மையான அளவை ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்துக்கொண்டேன்.

பரீட்சகர் பிரைம்95. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காகப் பிறந்த இந்த மென்பொருள், விடை முன்பே தெரிந்த பெருங்கணக்குகளைப் பிராசஸரிடம் கொடுத்து, ஒவ்வொரு கோரின் விடையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கண்டிப்பான வாத்தியார். 3.7 கிகாஹெர்ட்ஸ் 1.2 வோல்ட்டிலேயே, முகம் கோணாமல், இரண்டு மணி நேரம் தேறிற்று. 3.8-க்கு 1.2625 கொடுத்தேன். நாற்பத்தோரு நிமிஷம் வரை எல்லா ஜன்னல்களிலும் பச்சை ஒளி. பிறகு ஐந்தாம் கோரின் ஜன்னலில் மட்டும் ஒரு வரி வந்து நின்றது: முழுமையாக்கல் பிழை 0.4-க்குள் இருக்க வேண்டியது 0.5 ஆகிவிட்டதாம். மற்ற ஐந்தும் எதுவும் நடவாதது போல ஓடிக்கொண்டிருந்தன. விசிறியின் சுருதிகூட மாறவில்லை. மௌஸ் வழக்கம்போல் நகர்ந்தது. பார்ப்பதற்குத் திடகாத்திரமாக இருந்த அந்த யந்திரம் உள்ளே தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நீலத் திரையைவிட நான் அஞ்சுவது இந்த மௌனப் பிழையைத்தான். நீலத் திரை வேலையை நிறுத்திவிடுகிறது, இதுவோ தவறான எண்ணைச் சரியான எண் என்று கோப்பில் எழுதி வைத்துவிடுகிறது. சோதனை தொடங்குமுன் புகைப்படங்களையும் கணக்குகளையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கின் வயரையும் பிடுங்கி வைத்துவிடுவது இதனால்தான்.

நாலு படி ஏற்றி 1.2875 ஆக்கியதும் 3.8 நின்றது. 36 டிகிரி அறையில், எட்டு மணி நேரம், உஷ்ணம் 78 டிகிரியைத் தாண்டவில்லை. ஆசை யாரை விட்டது? 3.9 கேட்டுப் பார்த்தேன். 1.35-ல் பத்து நிமிஷம். மார்கழியில் போதுமாயிருந்த 1.375-ல் ஒரு மணி நேரம், 1.3875-ல்தான், நான் கிழித்த கோட்டை நானே மீறிய பிறகு, அது நிலைத்தது. இங்கே ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிராசஸர் உழைப்பில் செலவாகும் மின்சக்தி, வேகத்தைப் பொறுத்து நேராகவும், வோல்டேஜைப் பொறுத்து அதன் வர்க்கமாகவும் வளர்வது. 1.2875-லிருந்து 1.3875-க்குப் போவது வர்க்கத்தில் சுமார் 16 சதவீதம், வேகத்தின் 2.6 சதவீதத்தையும் சேர்த்துப் பெருக்கினால் 19. நூறு ரூபாய்க்கு இரண்டரை ரூபாய் சரக்குக்காகப் பத்தொன்பது ரூபாய் உஷ்ணத்தை வாங்குவது வியாபாரமன்று. 3.9-ஐ அழித்துவிட்டு 3.8-க்குத் திரும்பினேன்.

ரேமைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்தத் தலைமுறை ரைஸனில் கோர்த் தொகுதிகளை இணைக்கும் உள்பாதையின் வேகம் ரேமின் வேகத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், 2400-ல் சோம்பியிருந்த ரேமை அதன் சொந்த எக்ஸ்எம்பி வேகமான 3000-க்கு உயர்த்தியதே, அன்றாட வேலைகளில், பிராசஸருக்காகப் பட்ட பாட்டுக்குச் சமமான பலனைத் தந்தது. ரேமுக்கு முதலில் கொடுத்த அமைப்பில் யந்திரம் மூன்று தரம் தானே அணைந்து எழுந்து பழைய நிலைக்கு வந்தது. அப்படியும் வராவிட்டால், சிமாஸ் ஜம்பரை இணைத்தோ, வட்ட பேட்டரியைச் சில நிமிஷம் கழற்றியோ பயோஸைப் பிறந்த கோலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

வோல்டேஜ் விஷயத்தில் நான் இத்தனை கஞ்சத்தனம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. மிகுந்த மின்னோட்டமும் மிகுந்த உஷ்ணமும் சேர்ந்தால், சிப்பின் உள்ளேயுள்ள நுண்ணிய உலோகப் பாதைகளின் அணுக்கள், ஆற்று மணல் போல, கொஞ்சம் கொஞ்சமாக அரித்துச் செல்லப்படுகின்றன. ஒரே நாளில் புகை கிளம்பாது. சென்ற வருஷம் 1.3-ல் நின்ற வேகத்துக்கு இந்த வருஷம் 1.33 தேவைப்படும், அவ்வளவுதான். ஓவர்க்ளாக்கே செய்யாதவர்களும் இதற்கு விலக்கல்லர்: இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேஜைப் பிராசஸர்கள் தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜைக் கேட்டு வாங்கிச் சீரழிந்ததை 2024-ல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடைத் திருத்தி, வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. நாமே கையால் ஏற்றிக் கெடுத்துக்கொண்டதற்கு அந்தக் கருணையை எதிர்பார்க்க முடியாது; ஓவர்க்ளாக்கால் நேரும் சேதம் ஏஎம்டியின் வாரன்டியில் சேர்த்தியில்லை.

என் யந்திரத்துக்கு வாரன்டி முடிந்து வெகு காலமாயிற்று. ஆகவே எனக்கு இது தக்க விளையாட்டு. நேற்று வாங்கிய புது ரைஸன் வைத்திருப்பவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 2022-ல் வந்த 7000 வரிசை, பாரம் மிகுந்தால் 95 டிகிரி வரை தானே ஏறிச் சென்று, அங்கே நின்றுகொண்டு, இடம் கிடைத்த மட்டும் வேகமெடுக்கும்படி அமைக்கப்பட்டது. அதில் எல்லாக் கோர்களுக்கும் ஒரே வேகத்தைக் கையால் கட்டிவைத்தால், ஒற்றைக் கோர் தனியே எட்டக்கூடிய உச்சத்தை இழப்பதுதான் மிச்சம். அங்கே வோல்டேஜைக் குறைத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

தங்கையின் கல்யாணம், பழைய வேகத்தில் 52 நிமிஷம் எடுத்த வேலை, 47 நிமிஷத்தில் முடிந்தது. ஐந்து நிமிஷத்துக்காகவா இத்தனை பாடு என்று வீட்டில் கேட்டார்கள். பெட்டியில் இன்னும் முப்பத்திரண்டு கேஸட்டுகள் இருப்பதைச் சொன்னேன். மறுபடி மார்கழி வந்து, ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று புகுந்த இரவில், கை சும்மா இருக்கவில்லை. பயோஸுக்குள் போய், 38 இருந்த இடத்தில் 39 என்று இட்டு, ஒரு நிமிஷம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேமிக்காமல் வெளியே வந்தேன்.