வாக்கியத்துக்குள் வடிகட்டி வேண்டாம்

ஒரு கணக்கு மென்பொருளை நிறுவிப் பராமரிக்கும் நிர்வாகிக்கு வேண்டிய கையேடு வேறு. அதில் தினமும் கணக்கெழுதுபவருக்கு வேண்டியது வேறு. இரண்டையும் தனித்தனியே எழுதினால், பொதுப் பகுதியில் வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு இடத்தில் செய்ய வேண்டும். ஒன்றில் திருத்திவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. இந்தத் தொல்லைக்குத் தீர்வாக வந்தது வடிகட்டி முறை. ஐபிஎம் உருவாக்கி, 2005இல் ஓயாசிஸ் அமைப்பு தரமாக ஏற்ற ‘டிடா’ என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தில் அதைத் தெளிவாகக் காணலாம். எழுதுபவர் ஒரு பத்திக்கு ‘நிர்வாகிக்கு உரியது’ என்று குறியிடுவார். எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதை ‘டிடாவேல்’ என்ற தனிக் கோப்பு சொல்லும். ஓர் எச்சரிக்கையை மூலத்தில் திருத்தினால் எல்லாக் கையேடுகளிலும் அது திருந்திவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே இம்முறையை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் எந்த அளவில் வெட்டுகிறோம் என்பது முக்கியம். முழுப் பத்தியை நீக்கினால் சிக்கல் குறைவு. வாக்கியத்துக்குள் கை வைத்தால் பொருளே மாறும். “இச்செயலி விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும்” என்பதில் ‘லினக்ஸிலும்’ என்ற சொல்லை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். “இச்செயலி விண்டோஸிலும் இயங்கும்” என்று எஞ்சும். எண்ணும்மையாக இருந்தது எச்சவும்மை ஆகிவிட்டது. வேறெதிலோ இயங்குவது விண்டோஸிலும் இயங்கும் என்றுதான் படிப்பவர் கொள்வார். ஆங்கிலத்தில் ‘அண்ட் லினக்ஸ்’ என்ற இரு சொற்களையும் சேர்த்து எடுத்துவிட்டால் வாக்கியம் பிழைத்துக்கொள்ளும். தமிழில் இணைப்பு ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் ஒட்டியிருக்கிறது. ஆங்கில மூலத்தில் குறியிட்டவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை; சுமை மொழிபெயர்ப்பாளர் தலையில் விழுகிறது. தமிழாக்கம் பெறப்போகும் கையேட்டில் சொல்லளவு வடிகட்டலை அறவே கைவிட வேண்டும்.

இன்னொரு குறை, மறதிக்கு இம்முறை தரும் தண்டனை. டிடாவேலில் குறிப்பிடாத எதுவும் இயல்பாகவே உள்ளே வந்துவிடும். குறியில் ஓர் எழுத்து பிசகினாலும் நிறுவனத்துக்குள் இருக்க வேண்டிய குறிப்பு வாடிக்கையாளர் கைக்குப் போகலாம். எல்லாவற்றையும் விலக்கு என்று தொடங்கி, வேண்டியதை மட்டும் சேர்ப்பதே பாதுகாப்பு. தவறிவந்ததைப் படித்துப் பிடித்துவிடலாம் என்றும் நம்ப முடியாது: மூன்று வகை வாசகர், நான்கு இயங்குதளம், இரண்டு பதிப்பு என்றால் 24 கையேடுகள். அத்தனையையும் முழுதாகப் படித்துப் பார்க்க எந்த எழுத்தாளருக்கும் நேரம் கிடைக்காது.

வாசகரை வகை பிரிப்பதிலும் பிழை நேர்கிறது. சிறிய கடையில் முதலாளியே கணக்கெழுதுவார், அவரே நிர்வாகி. பயனர் கையேடு மட்டும் கிடைத்தால், தரவை மீட்கும் வழி வேறொரு கையேட்டில் இருப்பதே அவருக்குத் தெரியாது. விலக்காமல் அடையாளமிட்டுக் காட்டும் வசதியும் டிடாவேலில் உண்டு. கையேடு எழுதும் நண்பர்களே, மறைக்க வேண்டிய காரணம் இல்லாத பகுதிகளுக்கு அந்த வசதியையே பயன்படுத்துங்கள்.