வெள்ளி நாணயம்: மாற்று பார்த்து ரசிப்போம்

நினைவு நாணயம் கைக்கு வந்ததும் யார் படம், எந்த ஆண்டு என்றுதான் பார்க்கிறோம். இந்திய அரசின் வெள்ளி நாணயங்களில் சுவாரசியமே மாற்றில்தான், அதாவது வெள்ளி எவ்வளவு என்பதில்தான், இருக்கிறது.

இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று 1969இன் காந்தி நூற்றாண்டு நாணயம்: 15 கிராம், 80 சதவீத வெள்ளி. மற்றது 1972இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்தது: 22.5 கிராம், அதில் வெள்ளி பாதிதான். கையில் கனப்பது இரண்டாவது. கணக்குப் போட்டால் முதலாவதில் 12 கிராம் வெள்ளி, அடுத்ததில் 11.25. வெள்ளிவிழாவுக்கு வெள்ளியைக் குறைத்த வேடிக்கை இது.

அந்தப் பாதி வெள்ளிக் கலவைக்கு வயது அதிகம். 1940இல், போர்க்காலத்தில், 91.7 சதவீதமாக இருந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயை இப்படி இறக்கினார்கள்: வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. செம்பின் சிவப்பு மேலே தெரியாமல் வெளுப்பாகக் காட்டத்தான் கடைசி இரண்டும். 2024இல் சென்னையில் வெளியான கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்திலும் இதே கணக்குதான். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயமோ 80 சதவீதம், மீதி செம்பு. என் கண்ணுக்கு இந்த 80தான் அழகு. சுத்த வெள்ளி மெத்தென்றது, சீக்கிரம் கீறல் விழும்.

பார்க்கும்போது ஒற்றை விளக்கின் கீழே, விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். புழங்காத நாணயத்தில் ஒளிப்பட்டை ஒன்று சுற்றி ஓடும். குத்துவிளக்கு மாதிரி விபூதி போட்டுத் தேய்த்தால் அந்த ஓட்டம் போய்விடும், திரும்ப வராது. கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். காற்றிலுள்ள கந்தகம் பட்டு, ஓரத்தில் நீலமும் பொன்னிறமுமாகப் படர்ந்திருப்பதற்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு.

மாற்றைச் சோதிக்க உரைகல் வேண்டாம். நுண்தராசில் தண்ணீர்க் கிளாஸை வைத்து அளவைச் சுழியாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியும் சுவரும் தொடாமல் முழுக்க முக்குங்கள். 35 கிராம் நாணயத்துக்குத் தராசு 3.45 கிராம் அளவில் நின்றால் 80 சதவீதம், 3.67 பக்கம் போனால் பாதி வெள்ளி. கண்ணாடிபோல் பளபளக்கும் புரூஃப் நாணயத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், நீர்க்கறை விழுந்துவிடும்.