சாகாதவர்களை எண்ணுவது எப்படி?

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது உடனே புரியும். மாத்திரை ஆரம்பிக்கும் முன் வெறும் வயிற்றில் ஒரு டெஸ்ட். மூணு மாசம் கழித்து இன்னொன்று. முதல் டெஸ்ட்டே எடுக்காமல், 'இதுவரைக்கும் 270 மாத்திரை முழுங்கியிருக்கேன் டாக்டர், நல்ல முன்னேற்றம்' என்று போய் நின்றால் அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார் அல்லவா? பருவநிலை மாற்றத்துக்கான நம் தேசியத் திட்டம் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பார்வைதான் ஞாபகம் வருகிறது.

2008 ஜூன் 30 அன்று பிரதமர் மன்மோகன் சிங் வெளியிட்ட திட்டம் அது. மொத்தம் எட்டு இயக்கங்கள். சூரிய மின்சாரம், தண்ணீர், இமயமலை, பசுமை, விவசாயம் என்று பட்டியல் போகும். இதில் சூரிய மின்சாரம் பாஸா, ஃபெயிலா என்று சொல்வது சுலபம். 2022-க்குள் 20,000 மெகாவாட் என்றார்கள். 2015-ல் அதையே ஒரு லட்சம் ஆக்கினார்கள். 2022 முடிந்தபோது கையில் இருந்தது 63,000 சொச்சம். முதல் இலக்குக்கு மூணு மடங்கு, இரண்டாவதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பாராட்டுவதோ திட்டுவதோ உங்கள் கட்சியைப் பொறுத்தது. மீட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் விஷயம்.

வெயிலையும் வெள்ளத்தையும் சமாளிக்கும் வேலைக்கு அப்படி மீட்டர் கிடையாது. அங்கே ஜெயித்தால் ஒன்றும் நடக்காது. சாகாத ஆளை, அடித்துப் போகாத குடிசையை எந்தக் குமாஸ்தா எண்ணுவார்? அதனால் கைக்குச் சுலபமாக வருவதை எண்ணுகிறோம். நட்ட கன்று, நடத்திய பயிற்சி முகாம், செலவான கோடி. மாத்திரைக் கணக்கு.

தண்ணீர் இயக்கத்தைப் பாருங்கள். உபயோகத் திறனை 20 சதவிகிதம் உயர்த்துவோம் என்றது 2008 திட்டம். எந்த வருஷத்து அளவிலிருந்து 20 என்று அதில் எழுதவில்லை. இந்தத் திறனைக் கவனிப்பதற்கென்றே ஒரு தேசிய அலுவலகம் உருவானது 2022-ல். தராசு வாங்கவே 14 வருஷம்!

பசுமை இயக்கம் இன்னும் சுவாரஸ்யம். முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழு 2018-ல் இதையெல்லாம் அலசியது. மண்ணையும் தட்பவெப்பத்தையும் பார்க்காமல் தைலமரம் போன்றவற்றை நட்டிருக்கிறார்கள், இது பிரச்னையைக் கூட்டத்தான் செய்யும் என்று கடிந்துகொண்டது. கன்றுக் கணக்கில் தைலமரமும் ஒன்றுதான், புங்கமும் ஒன்றுதான். நிலத்தடி நீர்தான் வித்தியாசம் சொல்லும், அதை யாரும் கேட்பதில்லை.

அதே 2008-ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. தனிக் குழு ஒன்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசின் தகவமைப்பு வேலைக்கு மார்க் போட்டுப் பார்லிமென்ட்டில் வைக்க வேண்டும். 2023 மார்ச் அறிக்கையில் 45 இனங்களைப் பரிசோதித்து, ஒன்றில்கூட போதுமான வேகத்தில் ஆபத்து குறைவதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். வெள்ளைக்காரனும் ஃபெயில்தான். ஆனால் மார்க் ஷீட்டை வீட்டுக்கு எடுத்து வந்து காட்டுகிறான்.

நம்மால் முடியாதா என்றால், ஒரு ஊரில் முடிந்திருக்கிறது. அகமதாபாத். 2010 மே மாதம் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் நகரத்தின் இறப்புப் பதிவேட்டைப் புரட்டி, முந்தைய, பிந்தைய வருஷத்து மே மாதங்களோடு ஒப்பிட்டபோது 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. வெயிலில் சாகிறவர் பெரும்பாலும் மாரடைப்பிலோ சிறுநீரகக் கோளாறிலோதான் சாகிறார். சர்டிஃபிகேட்டில் அதுதான் ஏறும். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வெயில் வெளியே வரும்.

2013-ல் அந்த ஊர் வெப்பத் திட்டம் போட்டது. முன்கூட்டியே எச்சரிக்கை, டாக்டர்களுக்குப் பயிற்சி, தண்ணீர்ப் பந்தல். 2018-ல் வந்த மதிப்பீட்டில் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். மொத்தச் சாவை மட்டும் பார்த்தால், இந்த வருஷம் வெயில் கம்மி சார் என்று யாராவது சொல்லிவிடலாம். அதனால் திட்டத்துக்கு முன்னும் பின்னும், அதே அளவு சூடான நாட்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். விடை: வருஷத்துக்குச் சராசரியாக 1,190 உயிர் தப்பியிருக்கிறது. கூடவே ஒரு பிராக்கெட். 162-ஆகவும் இருக்கலாம், 2,218-ஆகவும் இருக்கலாம். சிரிக்காதீர்கள். 'எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்' என்று ஒப்புக்கொள்ளும் அறிக்கையை நான் மதிக்கிறேன். கடைசிக் கணக்கான 162-ஏ எத்தனை குடும்பம்! இதற்கெல்லாம் மூலதனம் சாட்டிலைட் அல்ல, திட்டம் வருவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே தினமும் தேதி போட்டு எழுதப்பட்டிருந்த இறப்புப் பதிவேடு.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல காரியம். ஆனால் இனி சர்டிஃபிகேட்டில் ஒரு வார்த்தைக்கு 4 லட்சம் விலை. எழுதத் தயங்குவார்கள். எண்ணிக்கை குறையும், திட்டம் வெற்றி என்பார்கள். மாறாக, டாக்டர்கள் ஒழுங்காக எழுத ஆரம்பித்தால் எண்ணிக்கை ஏறும், திட்டம் தோல்வி என்று எதிர்க்கட்சி கிளம்பும். ரெண்டும் தப்பு. அகமதாபாத் மாதிரி எல்லாச் சாவையும் எண்ணி, சூட்டோடு ஒப்பிட வேண்டும். அதைச் சட்டசபையில் படித்தால் கைதட்டல் வராது.

சித்திரை வெயிலில் கட்டட வேலையில் சுருண்டு விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். உயிர் இல்லை. டியூட்டி டாக்டர் 'காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு, கூட வந்தவரைக் கேட்கிறார்: "விழுந்தப்போ உடம்புச் சூடு எவ்வளவு இருந்துச்சு, யாராவது பார்த்தீங்களாப்பா?"