வயல் நண்டின் சாறு

ஹனோய் நகரத்துக்குச் செல்லும் பிரயாணிகளில் பெரும்பாலோர் 'ஃபோ' என்னும் மாட்டிறைச்சிச் சாற்றின் கீர்த்தியைக் கேட்டே போய், அதை உண்டதோடு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்கள். ஆனால், செந்நதிச் சமவெளியின் நெல்வயல் முழுவதையும் ஒரே கிண்ணத்தில் தரும் பதார்த்தம் எது என்று கேட்டால், வயல் நண்டும் தக்காளியும் சேர்ந்த சாற்றில் அரிசிச் சேவையை இட்டுத் தரும் 'பூன் ரியூ'வையே நான் சொல்வேன்.

பழைய நகரத்துச் சந்துகளில் இதற்கெனவே கடைகள் உண்டு. கடையைத் தேர்ந்தெடுப்பதில் பெயர்ப்பலகையை நம்புவதைவிட, அடுப்பின்மேலிருக்கும் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பதே உத்தமம். சதை எடுக்க இயலாத அளவு சிறிய அந்நண்டுகளின் மேலோட்டைப் பெயர்த்து, உள்ளிருக்கும் செம்மஞ்சள் கொழுப்பைத் தாளிப்பதற்காகத் தனியே வழித்துவைத்து, உடலை உப்போடு உரலிலிட்டு நைய இடித்து, நீரில் கரைத்து வடிகட்டி, அந்தக் கலங்கல் நீரை இளந்தீயில் பொறுமையாகக் காய்ச்சும்போது, நண்டின் சத்தெல்லாம் உறைந்து திரண்டு மேலே வந்து மிதக்கிறது. அந்தத் திரளே இவ்வுணவின் ஜீவன். கொதி மிஞ்சினால் அது சிதறிப் பொடியாகிவிடும். ஆகையால், குலையாத பெருந்திரள்களாக அது மிதக்கக் கண்டால், சமைப்பவர் கைதேர்ந்தவர் என்று தயங்காமல் உட்காரலாம். முட்டையும் பன்றியிறைச்சியும் கலந்து திரளைப் பெருக்குவாரும் உண்டு. வயிறு நிறையும், ஆனால் நண்டின் மென்மையான இனிப்பு மங்கிப்போகும் என்பது என் அபிப்பிராயம்.

புளிப்பே அடுத்த பரீட்சை. ஹனோயில் தக்காளியோடு, அரிசி மது வடித்தபின் எஞ்சும் மண்டியைப் புளிக்கவைத்துச் செய்த காடியையும் சேர்க்கிறார்கள். அதன் புளிப்பில் காரமில்லை, பரிமளம் உண்டு. 1954-இல் தேசம் இரண்டாகப் பிரிந்தபோது தெற்கே குடிபெயர்ந்த வடக்கத்தியரோடு வடநாட்டு உணவுகள் பல ஸைகோனுக்குப் போயின. அங்கே இச்சாற்றில் புளியும், பன்றி இரத்தக் கட்டியும் சேர்ந்து, கிண்ணம் ஆடம்பரமாகிவிட்டது. அதுவும் ருசியே; எனினும், நண்டை அறிய விரும்புபவர் ஹனோய்க்கே வரவேண்டும்.

கிண்ணம் வந்ததும் எதையும் சேர்க்காமல் முதலில் சாற்றை இரண்டு மூன்று கரண்டி பருகுங்கள். பிறகு திரளைத் தனியே சுவையுங்கள். புளிக்கவைத்த இறால் விழுதின் வாடை புதியவரை மிரளச் செய்யுமாயினும், நுனிக்கரண்டியளவு கலந்தால் நண்டின் சுவை ஆழம் பெறும். எலுமிச்சையும் மிளகாயும் அதன்பின் இஷ்டம்போல் ஆகலாம். மெல்லியதாகச் சீவிய வாழைப்பூவையும், கீறிச் சுருண்ட வள்ளைக்கீரைத் தண்டையும் மொத்தமாகக் கொட்டிவிடாமல், சிறு பிடியாக அவ்வப்போது சாற்றில் அமிழ்த்தி, அவை துவளுமுன் உண்ணுங்கள்.